பாட்டிலுக்குள் ஒரு சீட்டு

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டு மலரில் வந்த உன் 'வண்ணார்பேட்டை ஆற்று மீன்கள்' கட்டுரையை உன் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு கேள்வியையும் கொடுத்துவிட்டுப் போனார்: அருங்காட்சியக வேலைக்கு முயற்சி செய்வதா, பேசாமல் பி.எட். முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்வதா? அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் கோபம் தீரட்டும்.

பட்டியல் போட்டிருக்கிறாய். ஒவ்வொரு மீனுக்கும் கைப்பேசியில் எடுத்த படம் இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: "அடையாளம் கண்டபின் மீன்கள் அனைத்தும் ஆற்றிலேயே விடப்பட்டன." பெருமையாகத்தான் எழுதியிருக்கிறாய். எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வந்தது.

உன் பட்டியலில் உள்ள டாக்கின்சியா தாம்ப்ரபர்னியையை எடுத்துக்கொள். நம் தாமிரபரணி ஆற்றின் பெயரையே சுமக்கிற கெண்டை. 1954-இல் இ.ஜி. சைலாஸ் அதை விவரித்தபோது தனி இனமாகச் சொல்லவில்லை; காவிரிக் கெண்டையான அருலியஸின் துணையினம் என்றுதான் எழுதினார். தனி இனம் ஆனது பிற்பாடு. டாக்கின்சியா என்ற பேரினப் பெயர் இன்னும் புதிது, 2012-இல் இலங்கைக்காரர் ரோஹன் பெத்தியகொடவும் கூட்டாளிகளும் வைத்தது. ரிச்சர்ட் டாக்கின்ஸ் ஞாபகமாக வைத்தார்களாம். பாபநாசத்துப் படித்துறையில் பொரி வாங்கித் தின்கிற மீன்களின் சொந்தக்காரனுக்கு அப்பேர்ப்பட்ட நாத்திகர் பெயர்!

உன் படத்தில் இருப்பது விரல் நீளக் குஞ்சு. உடம்பில் கறுப்புப் பட்டை தெரிகிறது, சரி. குளம் குட்டைகளிலெல்லாம் கிடக்கிற ஃபிலமெண்டோசாவின் குஞ்சுக்கும்தான் பட்டை உண்டு. வளர வளர அது மங்கி, வால் பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு மட்டும் மிஞ்சும். அப்படியானால் இது எது? வாயோரத்து மீசையைப் பார்க்க வேண்டும். பக்கக் கோட்டுச் செதில்களை எண்ண வேண்டும். உன் படத்தில் வாயைக் கட்டைவிரல் மறைக்கிறது. செதில்மேல் வெயில் பட்டுப் பளபளக்கிறது. மீனோ ஆற்றில். எந்த மடுவில் போய் நான் தேட?

பெயர் தப்பாக இருக்கலாம் என்பது பெரிய குற்றமில்லை. மீன் ஆய்வில் தப்பாகப் பெயர் சொல்லாதவர் யாருமே கிடையாது. மீன் பாட்டிலில் இருந்தால் இன்னொருத்தர் ஐம்பது வருஷம் கழித்து எடுத்துப் பார்த்துத் திருத்திவிட்டுப் போவார். விட்டுவிட்ட மீனைத் திருத்த முடியாது, நம்பலாம் அல்லது நம்பாமல் இருக்கலாம், அவ்வளவுதான். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். மாதிரி எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. இருநூறு வருஷமாக அவருடைய படத்தையும் நாலு வரி விவரத்தையும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அருலியஸுக்கு 1849-இல் பெயர் வைத்த ஜெர்டன் கதையும் கிட்டத்தட்ட அதுதான்.

பிரான்சிஸ் டே அப்படியில்லை. சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்தவர். 1875 முதல் 1878 வரை வெளிவந்த அவருடைய 'இந்திய மீன்கள்' இன்றைக்கும் மேஜையைவிட்டு இறங்காத புத்தகம். மனிதருக்கு லண்டன் மியூசியத்தின் குந்தருடன் ஆகாது. அந்த வீம்பில், சேர்த்து வைத்திருந்ததில் ஒரு பெரும் பங்கை 1883-இல் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய மியூசியத்துக்கு விற்றுவிட்டார். மிச்சம் லண்டன், கொல்கத்தா, லெய்டன் என்று பிரிந்துபோயிற்று. நம் ஊர் மீன் ஒன்றைச் சரிபார்க்கச் சிட்னிக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருக்கும். ஆனாலும் எழுதினால் பதில் வருகிறது, மீன் இருக்கிறது. சண்டைக்காரர் என்றாலும் டேயை நான் கும்பிடுகிறேன்.

உயிரைக் கொல்ல மனசு வரவில்லை என்கிறாயா? மனசைக் குறை சொல்லவில்லை. உன் படங்களில் உள்ளவை பெரும்பாலும் வலைக்காரர் கூடையிலிருந்து எடுத்தவைதானே? அந்தக் கூடை சாயங்காலம் குழம்புக்குப் போகிறது. அதில் இனத்துக்கு இரண்டைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஆறு குறைந்துபோயிருக்காது. சந்தேகமில்லாமல் தாம்ப்ரபர்னியைதான் என்றால் அது அருகிவரும் இனம், விட்டுவிடு. துடுப்பின் ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டி ஆல்கஹாலில் போட்டுக்கொண்டால் போதும். திலேப்பியாவையுமா படம் எடுத்துவிட்டு ஆற்றில் விடுவாய்? 1952-இல் இந்தியாவுக்குள் வந்து ஊர்க் குளத்தையெல்லாம் பிடித்துக்கொண்ட மீன் அது. அதைத் திருப்பி விட்டதற்கு உன்மேல் வழக்கே போடலாம்.

இரண்டாவது கோபம் இதைவிடப் பெரிது. அட்டவணையில் 'இடம்' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை "தாமிரபரணி, திருநெல்வேலி" என்றே போட்டிருக்கிறாய். இது என்ன இடம்? சுத்தமல்லி அணைக்கட்டுக்கு மேலா, கீழா? குறுக்குத்துறைப் பாறையா? சுலோசன முதலியார் பாலத்துக்கு அடியிலா? வண்ணார்பேட்டைக் கரையா, எதிர்க்கரையா? சாக்கடை வந்து விழுகிற வாய்க்கு எவ்வளவு தள்ளி? பாறையில் ஒட்டுகிற மீனும் சேற்றைக் கிளறுகிற மீனும் அரை மைல் தூரத்துக்குள் மாறிவிடும் என்று உனக்கே தெரியும். 2023 டிசம்பரில் ஜங்ஷன் பஸ் நிலையம்வரை தண்ணீர் ஏறியதே, அதற்கு முன்னால் பிடித்ததா, பின்னால் பிடித்ததா? குளம் உடைந்து வளர்ப்பு மீனெல்லாம் ஆற்றில் சேரும் காலத்தில் தேதி இல்லாத பட்டியலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சீட்டு என்றாலே நான் கொஞ்சம் பைத்தியம். உன் வகுப்பில் கேட்டுப்பார், சிரிப்பார்கள். கெட்டித் தாள், இந்தியன் மசி அல்லது பென்சில். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிட்டில் கரைந்து ஓடிவிடும். ஊர், கரை, தேதி, என்ன வலை, யார் பிடித்தது, எல்லாவற்றையும் எழுதிச் சீட்டை மீனோடு பாட்டிலுக்கு உள்ளே போட வேண்டும். வெளியே ஒட்டுகிற லேபிள் பார்வைக்காரர்களுக்கு. அதன் பசையைக் கரப்பான் தின்னும்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் விலங்கியல் துறைக்குப் பின்னால் ஓர் இருட்டு அறை இருந்தது. எனக்கு முந்தின தலைமுறை வாத்தியார்கள் பாபநாசம், முண்டந்துறை, களக்காடு என்று பிள்ளைகளை அழைத்துப்போய்ச் சேர்த்த மீன்கள் அங்கே அலமாரி நிறைய இருந்தன. லேபிள் எல்லாம் வெளியே ஒட்டியது. புதுக் கட்டடத்துக்கு மாற்றும்போது பாதி உதிர்ந்திருந்தது. ஸ்பிரிட் வாங்க மதுவிலக்குத் துறை அனுமதி வேண்டுமே, அதற்கு மனுப் போட யாருக்கும் பொறுமையில்லை, பாட்டில்கள் வற்றின. கடைசியில் ஆய்வுக்குழு வருகிறது என்று அறையைச் சுத்தம் பண்ணினார்கள். என் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்து, "இதாவது இருக்கட்டும் சார்" என்றார் அட்டெண்டர். நல்ல பெரிய கெண்டை, துடுப்பு முள் ஒன்றுகூட ஒடியவில்லை. எந்த ஊர், எந்த வருஷம் என்று இல்லை. மணிமுத்தாறு அணை 1958-இல் முடிந்தது. அந்தக் கெண்டை அணைக்கு முந்தினதா, பிந்தினதா என்று தெரிந்திருந்தால் அதற்கு விலையே இல்லை. தெரியாததால் வெறும் கெண்டை.

மியூசியம் மீன் எதற்கு உதவும் என்று வைக்கிறபோதே தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து பர்க் மியூசியத்தில் 1880-லிருந்து சேர்ந்த மீன்களை அறுத்து, உள்ளே இருந்த ஒட்டுண்ணிகளை எண்ணினார்கள். கடல் சூடேறியதோடு சேர்ந்து ஒட்டுண்ணி குறைந்துவந்ததைக் கண்டுபிடித்து 2023-இல் வெளியிட்டார்கள். 1880-இல் மீனைப் பாட்டிலில் போட்டவர் புழுவை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். தேதியும் இடமும் எழுதினார், அது போதுமாக இருந்தது.

திட்டி முடித்தாயிற்று. இனி ஒன்று சொல்லியாக வேண்டும். பாறையில் ஒட்டுகிற கர்ரா மீனின் அடிவாயை நீ பென்சிலால் வரைந்திருக்கிறாயே, தாடையின் கீழே அந்த ஒட்டுத்தட்டு, அதன் விளிம்புக் குருணைகள் ஒவ்வொன்றும் புள்ளி புள்ளியாக. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தேன். இந்த ஜில்லாவில் இப்படிப் பார்க்கிற கண் இன்னொன்று இருப்பதாக நான் அறியேன். படம் எடுத்தவன் நீ என்றால் எனக்கு நம்பிக்கையில்லை; வரைந்தவன் நீ என்றால் எதை வேண்டுமானாலும் உன்னிடம் ஒப்படைப்பேன்.

இனி வேலை. இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916-இல் தொடங்கியது. தலைமையகம் கொல்கத்தா. நமக்குக் கிட்டத்தில் 1961-இல் சென்னையில் ஏற்பட்ட தென்மண்டல மையம் இருக்கிறது. களக்காட்டுக் கர்ராவுக்கு 1993-இல் பெயர் வைத்த ரேமாதேவி அங்கே இருந்தவர்தான். நிரந்தர இடம் அபூர்வமாகத்தான் வரும். அதுவரை திட்டப்பணி, இரண்டு வருஷம், மூன்று வருஷம், சம்பளம் தாமதம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குகிற வேலை என்று நினைக்காதே. பாட்டிலில் ஸ்பிரிட் குறைந்ததா பார்ப்பது, ஊற்றுவது, பதிவேட்டில் எண் போடுவது, வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டால் மீனைத் தேடி எடுத்து அளந்து அனுப்புவது. சைலாஸ் இப்படிப் பாட்டிலும் சீட்டுமாகத் தொடங்கியவர்தான், பின்னால் கொச்சி கடல் மீன்வள ஆய்வு நிலையத்துக்கு இயக்குநராகவே ஆனார். எல்லாருக்கும் அப்படி அமையாது. சாவகாசமும் பிடிவாதமும் இருக்கிறவனுக்கு ஏற்ற வேலை. உன்னிடம் முதலாவது இருக்கிறது.

ஆகவே பி.எட். விண்ணப்பத்தைக் கொஞ்சம் ஒத்திவை. நாளைக் காலையில் வலைக்காரரிடம் போய்ப் பட்டையுள்ள கெண்டைக் குஞ்சு இரண்டு வாங்கு, இரண்டே போதும். ஃபார்மலினில் போடுமுன் வலப்பக்கத் தசையில் ஒரு துணுக்கை ஆல்கஹாலில் எடுத்துவை, இடப்பக்கத்தைத் தொடாதே. கரையும் தேதியும் வலைக்காரர் பேரும் எழுதிய சீட்டை உள்ளே போடு. சென்னை மையத்துக்கு எழுதிக் கேட்டு, பதிவெண் வாங்கு. அந்த எண்ணோடு வீட்டுக்கு வா. வேலைக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் அன்றைக்கே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்
வண்ணார்பேட்டை