அநாதைகளின் தகப்பன்



தன் அயலான் யாரென்று வினவிய நியாயசாஸ்திரிக்கு, நமதாண்டவர் ஒரு சமாரியனைக் காட்டினார். நாம் இன்று ஒரு யூதரைக் காண்போம். அவர் பெயர் ஐசக் ஓக்பெர்க். உக்ரேன் நாட்டில் 1878-இல் பிறந்தவர். இளவயதிலேயே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, கேப்டவுன் நகரில் வியாபாரம் செய்து செல்வந்தரானார்.

முதல் உலக யுத்தம் 1918-இல் ஓய்ந்தது. ஆயினும் உக்ரேனிலும் கிழக்குப் போலந்திலும் சமாதானமில்லை. உள்நாட்டுச் சண்டையில் யூதர் பல்லாயிரம் பேர் கொலையுண்டனர். பசியும் விஷக்காய்ச்சலும் மற்றவர்களை வாரிக்கொண்டு போயின. அந்தக் கொலைஞரில் பலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதை நாம் வெட்கத்தோடு அறியவேண்டும்.

கேப்டவுன் யூதர்கள் பணம் திரட்டி, அநாதைப் பிள்ளைகளை அழைத்துவர அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார்கள். இருநூறு பிள்ளைகளுக்கே உத்தரவு கிடைத்தது. தாய் தந்தை இருவரையும் இழந்திருக்கவேண்டும், பதினாறு வயதுக்கு உட்பட்டிருக்கவேண்டும், நோயோ ஊனமோ இருக்கலாகாது, உடன்பிறந்தோரைப் பிரிக்கலாகாது. இவை நிபந்தனைகள்.

ஓக்பெர்க் வேறொருவரை அனுப்பவில்லை. 1921-இல் தாமே புறப்பட்டார். பின்ஸ்க் முதலிய ஊர்களின் அநாதை இல்லங்களுக்குச் சென்று பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார். அது எத்தனை கொடிய வேலை! தம்பி நோயாளியானால் அக்காளும் வரமுடியாது. ஒரு பிள்ளையின் கையைப் பிடிக்கும்போது இன்னொரு பிள்ளையின் கையை விடவேண்டியிருந்தது. ஏறக்குறைய 180 பிள்ளைகள் வார்சா, டான்சிக், லண்டன் வழியாக அவ்வாண்டு செப்டம்பரில் கேப்டவுன் சேர்ந்தார்கள். அங்கும் ஜொகானஸ்பர்க்கிலும் இருந்த அநாதை இல்லங்களில் வளர்ந்தார்கள். அவரை அப்பா என்றே அழைத்தார்கள். அவர் 1937-இல் மரித்தார்.

பின்ஸ்க் நகரில் எஞ்சியிருந்த யூதரை 1942-இல் நாஜிகள் ஏறக்குறைய முற்றிலும் கொன்றொழித்தார்கள். அழைத்து வரப்பட்ட பிள்ளைகளின் சந்ததியார் இன்றும் வாழ்கிறார்கள்.

இதில் நமக்குள்ள படிப்பினை யாது? எல்லாரையும் காப்பாற்ற இயலாது என்பதற்காக அவர் ஒருவரையும் காப்பாற்றாமல் இருந்துவிடவில்லை. நாமோ, உலகத்தில் ஏழைகளுக்குக் குறைவா என்று சொல்லி, வாசலில் நிற்பவனையும் அனுப்பிவிடுகிறோம்.

மேலும், யூதரைச் சர்வேசுரனால் தள்ளுண்டவர்களென்று கூறலாகாது என 1965-இல் வத்திக்கான் பொதுச்சங்கம் போதித்தது. ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்கும்போது அந்த ஜனத்தைப் பழிக்கும் சொல் நம் வீடுகளில் எழவேண்டாம். சேசுநாதரும் தேவமாதாவும் அந்த ஜனத்தில் பிறந்தவர்களே.

இவ்வாரத் தீர்மானம்: குடும்ப ஜெபமாலை முடிந்தபின், பெற்றோர் இந்தச் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு உங்கள் சுற்றத்தை நினைத்துப் பாருங்கள். தாய் தந்தையற்ற பிள்ளை எவரேனும் உறவினர் வீட்டில் பெயரளவில் பிள்ளையாகவும், உண்மையில் வேலைக்காரப் பிள்ளையாகவும் வளர்கிறதா? அப்படியானால், நீங்கள் கப்பலேறிப் போகவேண்டியதில்லை. அடுத்த தெருவுக்குப் போனால் போதும்.