தன் படத்தைத் தானே வெட்டலாமா?

கேள்வி: ஐயா, எனக்குப் புதியம்புத்தூர். ரெடிமேட் துணி தைத்துப் பிழைக்கிற ஊர். கல்யாணம், கோயில் கொடை வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் வேலை. தையல் மிஷினில் உட்காரும் எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி இப்போது ஒரு குறும்படம் எடுத்திருக்கிறேன். எடுத்தது ஆறு மணி நேரம். வெட்டி வெட்டி 52 நிமிடத்தில் வந்து நிற்கிறது. அதற்கு மேல் ஒரு ஷாட்டைக்கூட எடுக்க மனம் வரவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் நீளம் என்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸில் ‘ரோமா’ பார்த்தேன். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் என்று எங்கே பார்த்தாலும் அல்போன்சோ குவாரோன் பெயர்தான். தமிழில் இப்படி யாராவது உண்டா? நானே முடிக்கலாமா, வேறு எடிட்டரிடம் கொடுத்துவிடலாமா? இன்னொரு சந்தேகம்: அந்தப் படத்தில் ஷாட்டுகள் வெட்டே இல்லாமல் நிமிடக்கணக்கில் ஓடுகின்றன. அங்கே எடிட்டருக்கு என்ன வேலை?

– வாசகர், புதியம்புத்தூர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும்.

ஒரு ஷாட்டை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வது எடிட்டிங். வெட்ட வேண்டாம் என்று முடிவு செய்வதும் எடிட்டிங்தான். ‘ரோமா’வில் நீச்சல் தெரியாத வீட்டுப் பணிப்பெண் கிளியோ பிள்ளைகளைக் காப்பாற்றக் கடலுக்குள் இறங்குகிறாள். கேமரா கரையிலிருந்து அவளோடு பக்கவாட்டில் நகர்ந்து, அலைக்குள் போய், திரும்பிக் கரைக்கு வருகிறது. நம் கண்ணுக்கு ஒரு வெட்டும் தெரிவதில்லை. நடுவில் பிள்ளையின் முகத்துக்கு ஒரு குளோசப் வைத்திருந்தால், ‘பிள்ளை பத்திரம்’ என்று அந்த நொடியிலேயே நமக்குத் தெரிந்துபோயிருக்கும். அப்படிக் காட்டாததால், கரை சேரும் வரை நாமும் கிளியோவோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இந்த முடிவை எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து எடுக்க முடியாது. படம் எடுப்பதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். எடிட்டிங் தெரிந்த இயக்குநருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

வெட்டே இல்லை என்று நாம் நம்பும் இடத்தில் வெட்டு ஒளிந்திருப்பதும் உண்டு. அதே குவாரோனின் ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ (2006) படத்தில் காருக்குள் நடக்கும் தாக்குதல் காட்சி ஒரே மூச்சில் ஓடுவதுபோல இருக்கும். அதைப் பல துண்டுகளாக எடுத்துக் கணினியில் ஒட்டினார்கள். ஒட்டு வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு உழைப்பும்.

குவாரோனைப் பற்றி நீங்கள் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. ‘ரோமா’ (2018) படத்தின் எடிட்டிங்கில் அவர் பெயரோடு ஆடம் காஃப் என்பவரின் பெயரும் இருக்கும். ‘கிராவிட்டி’க்காக 2014இல் எடிட்டிங் ஆஸ்கர் வாங்கியபோது மார்க் சாங்கர் அவரோடு மேடையைப் பகிர்ந்துகொண்டார். ‘இ து மாமா தம்பியென்’ (2001), ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ இரண்டிலும் அலெக்ஸ் ரோட்ரிகெஸ். முதல் படமான ‘சோலோ கோன் து பரேஹா’ (1991) தொடங்கிப் பல படங்களில் குவாரோன் எடிட்டிங்கில் கைவைத்தார். ஆனாலும் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டே வைத்திருந்தார். அவரைப் போலவே மெக்சிகோ நாட்டுக்காரரான அலெஹாந்த்ரோ இனாரித்துவும் ‘பார்தோ’ (2022) படத்தை மோனிகா சலசாரோடு சேர்ந்தே எடிட் செய்தார். எல்லாம் தானே செய்ததாக நீங்கள் நினைக்கும் ஆளே தனியாக உட்காரவில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

இனி, தமிழில் உண்டா என்ற கேள்வி. உண்டு, தாராளமாக உண்டு. மெக்சிகோ வரை போக வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு உண்டு.

‘பராசக்தி’ (1952) படத்தை இயக்கியவர்கள் கிருஷ்ணன் – பஞ்சு. படத்தின் பெயர்ப் பட்டியலில் எடிட்டிங் ‘பஞ்சாபி’ என்று வரும். யாரோ வடநாட்டுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அது பஞ்சுவேதான். இரட்டை இயக்குநர்களில் ஒருவர் அந்தப் பெயரில் எடிட்டராகவும் இருந்தார். பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் கோயன் சகோதரர்கள் ‘ரோடரிக் ஜேன்ஸ்’ என்ற கற்பனைப் பெயரில் தங்கள் படங்களைத் தாங்களே எடிட் செய்தபோது உலகம் அதை வேடிக்கையாகப் பார்த்தது. நம்மூரில் அது எப்போதோ நடந்து முடிந்த கதை.

அந்தக் கிருஷ்ணன் – பஞ்சுவிடம் எடிட்டிங் உதவியாளராகச் சேர்ந்தவர் ஏ. பீம்சிங். ‘பாகப்பிரிவினை’, ‘படிக்காத மேதை’, ‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’ என்று ‘ப’ வரிசையில் படங்களாகக் கொடுத்தவர். அவர் படங்களில் கண்ணீர் எவ்வளவு வந்தது என்று எல்லாரும் பேசுகிறார்கள். அந்தக் கண்ணீரை எந்த இடத்தில் நிறுத்தி, யாருடைய முகத்துக்குப் போனார் என்று பார்ப்பவர்கள் குறைவு. ஒருவர் வசனம் பேசி முடித்ததும் எதிரில் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தில் ஒரு நொடி கூடுதலாக நிற்பது எடிட்டிங் மேஜையில் பழகியவரின் கை. ‘பாவமன்னிப்பு’ (1961) எடிட்டிங்கில் பீம்சிங்கோடு ஏ. பால் துரைசிங்கம், ஆர். திருமலை பெயர்களும் இருக்கின்றன. இங்கேயும் கூட ஆள் உண்டு.

கே. சங்கரும் ஏ.வி.எம்.மில் எடிட்டராக இருந்து வந்தவர்தான். ‘ஆலயமணி’ (1962), ‘குடியிருந்த கோயில்’ (1968), ‘அடிமைப் பெண்’ (1969) ஆகியவற்றை இயக்கினார். எஸ்.பி. முத்துராமனும் அதே ஏ.வி.எம். எடிட்டிங் பிரிவில் தொழில் பழகியவர். ஒரு ஸ்டூடியோவின் எடிட்டிங் அறையிலிருந்து இத்தனை இயக்குநர்கள் எப்படி வந்தார்கள்? அன்றைக்கு எடிட்டிங் அறைதான் பள்ளிக்கூடம். எல்லா இயக்குநர்களும் எடுத்த ரஷ் அங்கே வந்து குவியும். எந்த இயக்குநர் எதை எடுக்க மறந்தார், எந்த ஷாட் ஒட்டவில்லை, எங்கே பிலிம் வீணானது என்று உதவியாளன் தினமும் பார்ப்பான். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடம்தான் வரும். ஒவ்வொரு அடியும் காசு. மார்க் போடாமல் துணியை விரித்துக் கத்தரி வைக்கும் கட்டிங் மாஸ்டரை உங்கள் ஊரில் எத்தனை நாள் வேலைக்கு வைத்திருப்பார்கள்? அப்படித்தான் அந்தக் காலத்து ஸ்டூடியோவும். எடிட்டிங் படித்துவிட்டு இயக்க வந்தவர்கள் வேண்டியதை மட்டும் எடுத்தார்கள்.

இந்த மரபில் நீங்கள் தேடிப் படிக்க வேண்டிய ஆள் பீம்சிங்கின் மகன் பி. லெனின். வி.டி. விஜயனோடு சேர்ந்து ‘நாயகன்’ (1987) போன்ற படங்களை எடிட் செய்தவர். பெரிய வணிகப் படங்களின் வேகத்தைத் தீர்மானித்த கை அது. ஆனால் தானே இயக்க வந்தபோது அந்த வேகத்தை அவர் கூடவே தூக்கிக்கொண்டு வரவில்லை. 1992இல் எடுத்த ‘நாக் அவுட்’ குறும்படம் தேசிய விருது பெற்றது. ஜெயகாந்தனின் நாவலை வைத்து எடுத்த ‘ஊருக்கு நூறு பேர்’ 2001ஆம் ஆண்டுக்கான சிறந்த இயக்குநர் தேசிய விருதை அவருக்கு வாங்கித் தந்தது. அப்பா பீம்சிங்கும் ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைப் படமாக்கியவர்தான். லெனினைப் பற்றி நான் சொல்வது இதைத்தான்: அவ்வளவு பெரிய எடிட்டர், மற்றவர் படங்களுக்குப் பல ஆண்டுகள் விஜயனோடு ஜோடியாகவே பெயர் போட்டார். இரண்டு பேர் உட்காரும் மேஜை என்பதை அவர் தாழ்வாக நினைக்கவில்லை.

இப்போதைய தலைமுறையில் அல்போன்ஸ் புத்திரனைப் பாருங்கள். ‘நேரம்’ (2013), மலையாளப் படமான ‘பிரேமம்’ (2015) இரண்டையும் இயக்கியவரும் எடிட் செய்தவரும் அவரே. பட்டாம்பூச்சியையும் தூறலையும் கதையோடு ஒட்டாததுபோல நடுவில் செருகி, அதையே படத்தின் தாளமாக மாற்றினார். வேறு எடிட்டராக இருந்தால் முதல் நாளே அவற்றைத் தூக்கி எறிந்திருப்பார். தன் படத்தைத் தானே வெட்டுவதில் கிடைக்கும் லாபம் இது. மற்றவர்களுக்குப் புரியாத ஒன்றைக் கடைசி வரை காப்பாற்ற முடியும்.

நஷ்டமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் 52 நிமிடம் அதனால்தான் குறைய மறுக்கிறது.

ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் படப்பிடிப்புத் தளத்துக்குப் போவதைத் தவிர்க்கச் சொல்வார். ஒரு ஷாட்டை எடுக்க எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றார்கள் என்று தெரிந்துவிட்டால், அதை வெட்டக் கை வராது. பார்வையாளருக்கு அந்தக் கஷ்டம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்குத் தெரிவது திரையில் இருப்பது மட்டும்தான். உங்களுக்கோ ஒவ்வொரு ஷாட்டின் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. கம்பெனிக்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியது, கரண்ட் போய்க் காத்திருந்தது, பேசவே மாட்டேன் என்ற அக்கா கடைசியில் பேசியது என்று எத்தனையோ இருக்கும். நீங்கள் வெட்டத் தயங்குவது ஷாட்டுக்காக இல்லை, அந்த ஞாபகங்களுக்காக. அதே மர்ச், எங்கே வெட்டுவது என்பதற்கு ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி, உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவீதம் கொடுத்தார். திரையில் பார்ப்பவருக்கு எழும் உணர்ச்சியைத்தான் சொன்னார். எடுத்தவரின் உணர்ச்சிக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது.

ஆகவே என் முடிவு: நீங்களே வெட்டுங்கள், ஆனால் தனியாக முடிக்காதீர்கள். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இப்போதுள்ள 52 நிமிடத்தை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். எதுவும் தொலைந்துபோகாது என்ற தைரியம் வந்தால்தான் கை நகரும். பிறகு படம் எதைப் பற்றியது என்று ஒரே வரியில் எழுதுங்கள். ‘தைக்கும் பெண்கள்’ என்பது பொருள்தான், வரி ஆகாது. ‘பீஸ் கணக்கில் கூலி வாங்கும் ஒரு பெண் ஒரு நாளை எப்படி ஓட்டுகிறாள்’ என்பது வரி. அந்த வரிக்கு உதவாத ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே.

அடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை முழுவதும் பாருங்கள். எங்கே கண் அலைபாய்கிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். தையல் மிஷின் சத்தம் உங்கள் படத்தின் பெரிய சொத்து. அடுத்த காட்சி தெரிவதற்கு இரண்டு நொடி முன்பே அதன் சத்தம் தொடங்கட்டும். வெட்டு உறுத்தாது, ஷாட்டின் நீளமும் குறையும். எல்லா மிஷினும் நின்ற பிறகு அந்த அறையில் மிஞ்சும் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் போய் எடுத்து வாருங்கள். பேச்சுகளை ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும். பின்னணி இசையை நீளம் முடிவான பிறகு மட்டும் சேருங்கள். முதலிலேயே சேர்த்தால், இசை நன்றாக இருக்கிறது என்பதற்காகவே ஷாட்டை வளர்த்துவிடுவீர்கள். மொபைலில் எடுத்த காட்சிகள் பலவற்றில் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது, உதடும் பேச்சும் மெல்ல மெல்ல விலகிப்போகும். அவற்றை முதலில் ஒரே ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு உங்கள் படத்துக்குப் போதும்.

இப்படி 30 நிமிடத்துக்குக் கொண்டுவந்த பிறகு இரண்டாவது ஆளைக் கூப்பிடுங்கள். படப்பிடிப்புக்கு வராதவராக, முடிந்தால் ஊருக்கே வெளியாளாக இருக்கட்டும். கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ எடிட்டிங் தெரிந்த ஒருவர் கிடைக்காமல் போகமாட்டார். கருத்துச் சொல்ல மட்டும் அவரைக் கூப்பிடாதீர்கள். மவுஸை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் இல்லாமல் அவர் ஒரு பதிப்பு வெட்டட்டும். அதைப் பார்க்கும்போது உங்களுக்குக் கோபம் வரும் ஷாட்டுகளைக் குறியுங்கள். அவற்றில் பாதி, நீங்கள் உண்மையிலேயே திருப்பிக் கேட்க வேண்டியவை. மீதிப் பாதியைப் பத்து நாள் கழித்து நீங்களே மறந்துவிடுவீர்கள். பெயர்ப் பட்டியலில் அவர் பெயரை உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

உங்கள் கரிசல் பகுதியைப் படமாக்க வெளியூர்க்காரர்தான் வர வேண்டும் என்று இல்லை. கோவில்பட்டி பக்கத்து ஆண்டிப்பட்டிக்காரரான எழுத்தாளர் பூமணி, தீப்பெட்டித் தொழிலை வைத்து ‘கருவேலம் பூக்கள்’ என்ற படத்தைத் தானே இயக்கினார். அவருடைய ‘வெக்கை’ நாவல்தான் ‘அசுரன்’ (2019) ஆனது. இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கிடை’ கதையை அம்ஷன் குமார் ‘ஒருத்தி’ என்று எடுத்தார். பக்கத்துச் சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி சலம் பென்னுர்கர் 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் படம் வந்துவிட்டது. தையல் மிஷினுக்கு நீங்கள் எடுத்திருக்கிறீர்கள்.

இப்படி இருவருமாக வெட்டிப் படம் 20 நிமிடத்துக்கு வந்ததும் விழாக்களுக்கு அனுப்பும் முன்னால், அதில் வரும் பெண்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். யாராவது ஒருவர் தன் காட்சி வேண்டாம் என்றால், அது எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். பிறகு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.