பைலை மாற்று, பிறகு சிஸ்டத்தை மாற்றலாம்

“என்ன சிஸ்டம் போடலாம்?” என்று கேட்டு வருபவரிடம் நான் திருப்பிக் கேட்பது, “வீட்டில் என்ன பிரிண்டர் இருக்கிறது?” என்றுதான். விண்டோஸா லினக்ஸா என்று பெரிய விளக்கம் ஒன்றை எதிர்பார்த்து வந்தவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக ருசிக்காது. ஆனால் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே, ஏ9 வீதியில் இருக்கும் நாவுலயில் டைப்பிங், போட்டோகொப்பி, கொம்பியூட்டர் திருத்துவது என்று கடை நடத்தும் எனக்கு வேறு எங்கிருந்தும் தொடங்கத் தெரியாது. இங்கே கொம்பியூட்டரில் செய்யும் வேலை முக்கால்வாசி கடைசியில் கடதாசியாக வெளியே வந்தாக வேண்டும். பிரதேச செயலகத்துக்குக் கடிதம், தவணைப் பரீட்சைத் தாள், கல்யாண அழைப்பிதழ், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றுகிறவரின் கணக்குச் சிட்டை. அந்தக் கடதாசி யார் கைக்குப் போகிறது, அவர் அதை பைலாகவும் கேட்பாரா, கேட்டால் எதில் திறப்பார் என்பதெல்லாம் தெரிந்துவிட்டால் சிஸ்டம் பற்றிய கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

கடையின் முன்மேசையில் நான் தினமும் பாவிப்பது விண்டோஸ். காரணம் கேட்டால் பாமினி என்பேன்.

இலங்கையில் தமிழ் டைப்பிங் பழகியவர்களில் ஏராளமானோருக்கு பாமினியில்தான் கை ஓடும். யூனிகோடு பரவும் முன்னரே வேரூன்றிய எழுத்துரு அது. கொம்பியூட்டரின் கணக்கில் நாம் அடிப்பது ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைக் காட்டுவது பாமினியின் வேலை. ‘தமிழ்’ என்று அடித்த பைலை பாமினி இல்லாத ஒரு லெப்டொப்பில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். சிங்களத்தில் எஃப்எம் அபய போன்ற எழுத்துருக்களிலும் இதே நிலைதான். யூனிகோடில் தமிழ் 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே இருந்தது, சிங்களம் 1999இல் சேர்ந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடுதான் வந்தது. ஆனால் எங்கள் பாடசாலைகளின் பென்ட்ரைவ்களில் கிடப்பதெல்லாம் பாமினி. ஒவ்வொரு தவணையும் பழைய தாளைத் திறந்து, தேதியை மாற்றி, நாலு கேள்வியைக் கழற்றி வேறு நாலைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள்.

பாமினி லினக்ஸில் ஓடாதா? ஓடும். எழுத்துரு பைலை உரிய இடத்தில் போட்டால் லிப்ரே ஆபிஸ் அழகாகவே காட்டும். ஆனால் வேர்டில் செய்த பக்க அமைப்பு அங்கே கொஞ்சம் நகரும். இரண்டு பக்கத்தில் முடிந்த தாள் ஒரே ஒரு வரியை மூன்றாம் பக்கத்தில் தள்ளிவிட்டு நிற்கும். நாளைக்குப் பரீட்சை, இன்று மாலை கடை மூடும் நேரத்தில் வந்து நிற்கும் ஒரு டீச்சரிடம் திறந்த மூல மென்பொருளின் பெருமையைக் கதைக்க முடியுமா? விண்டோஸும் வேர்டும் அந்த மேசையில் இருப்பதற்கு இவ்வளவுதான் காரணம்.

பக்கத்து மேசையில் லினக்ஸ் மின்ட். அது வந்தது வைரஸ் தொல்லையால். ஊரிலுள்ள பென்ட்ரைவ்கள் எல்லாம் வந்து போகும் இடம் எங்களைப் போன்ற கடைகள்தான். சோர்ட்கட் வைரஸ் என்று நாங்கள் சொல்வது பைல்களை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் பொய்யான சோர்ட்கட்களை வைக்கும். விண்டோஸில் அதைக் கிளிக் செய்தால் அந்தக் கொம்பியூட்டருக்கும் தொற்றும். மின்டில் அந்தச் சோர்ட்கட் வெறும் செத்த பைல். மறைக்கப்பட்ட போல்டரும் கண்ணுக்கு நேரே தெரியும். எனவே எந்தப் பென்ட்ரைவும் முதலில் மின்டில் செருகப்பட்டு, துப்புரவாக்கப்பட்டு, பிறகுதான் முன்மேசைக்குப் போகும். கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பெறுமதியான ஆலோசனை இதுதான். ஓரமாகப் போட்டுவைத்த பழைய கொம்பியூட்டர் ஒன்று இதற்குப் போதும்.

மூன்றாவதாக மூலையில் ஒரு விண்டோஸ் 7. அதற்கு 2020 ஜனவரி 14உடன் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. ஆகவே அதில் இன்டர்நெட் இல்லை, கேபிளைக் கழற்றி வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கருக்காக மட்டும் அது உயிரோடிருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் கல்யாண அழைப்பிதழையும் அதிலேதான் அடிக்கிறோம்.

இப்போது எல்லோரும் கேட்பது விண்டோஸ் 10 பற்றி. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி அதற்கான வழமையான ஆதரவு முடிந்தது. 11க்கு மாற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புரொசஸராவது வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடுகளில் இருக்கும் லெப்டொப் அநேகமாக நாலாம், ஐந்தாம், ஆறாம் தலைமுறை. புதிதாக வாங்குங்கள் என்று சொல்வது சுலபம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியபோது லெப்டொப் விலை எங்கே போய் நின்றதென்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அந்தக் காலத்தைத் தாக்குப்பிடித்த பழைய லெப்டொப்பை இன்று திடீரென்று குப்பை என்று சொன்னால் யாருக்கும் மனசு வராது, எனக்கும் வராது.

சில தளங்களில் சொல்வதுபோல, தகுதியில்லாத லெப்டொப்பில் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றலாம். நான் வாடிக்கையாளருக்கு அதைச் செய்வதில்லை. அப்படிப்பட்ட லெப்டொப்புக்குப் புதுப்பிப்பு வரும் என்று உத்தரவாதம் கிடையாது என மைக்ரோசொஃப்டே அறிவித்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து அது நின்றால் வீட்டுக்காரர் தேடி வருவது அமெரிக்காவுக்கு அல்ல, என் கடைக்கு. தனிப் பாவனையாளர்களுக்கு நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு என்றொரு திட்டம் 2026 ஒக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. வேர்டும் பாமினியும் இல்லாமல் முடியாதவர்களுக்கு அதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு மின்ட்.

மின்டுக்கு மாற்றுவதில் நான் அவசரப்படுவதில்லை. முதல் வேலை, சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவது. லெப்டொப் ஊர்கிறது என்று வருபவர்களில் பலருக்கு இதோடு குறை தீர்ந்துவிடும், சிஸ்டத்தை மாற்றும் பேச்சே எழாது. அதன் பிறகும் தேவைப்பட்டால், இருக்கிற விண்டோஸிலேயே ஃபயர்பொக்ஸும் லிப்ரே ஆபிஸும் போட்டுக் கொடுத்து, ஒரு மாதம் இதிலேயே வேலை செய்து பாருங்கள் என்கிறேன். இந்த இரண்டும் கைக்கு வந்தவருக்கு அடியிலுள்ள சிஸ்டம் மாறியது பெரிதாகத் தெரியாது. பிறகு மின்டை பென்ட்ரைவில் இருந்தே ஓடவிட்டு, டிஸ்க்கைத் தொடாமல், அவருடைய வீட்டு பிரிண்டர், வைஃபை, டொங்கிள், கெமரா, சத்தம் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே சோதிக்கிறேன். பிரிண்ட் வந்து ஸ்கேன் வராத சந்தர்ப்பங்கள் உண்டு. அது ஏற்றிய பிறகு தெரிவதைவிட ஏற்றும் முன் தெரிவது நல்லது. 4 ஜிபி ரெம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுகிறேன்.

இரும்புக்கடை நானா ஒருவருக்கு இப்படி மாற்றிக் கொடுத்தேன். “தம்பி, எனக்கு அந்தப் பழைய எக்ஸ்பி மாதிரியே இருக்கோணும். புதுசா எதையும் படிக்க ஏலாது” என்றார். கீழே பட்டியும் இடது மூலையில் மெனுவும் வைத்து, கணக்குத் தாள், யூடியூப், வட்ஸ்அப் மூன்றையும் முகப்பில் போட்டுக் கொடுத்தேன். சில நாள் கழித்து வந்து, “வைரஸ் கார்ட் போட மறந்துட்டியே” என்றார். “தேவையில்லை நானா” என்றேன். நம்பவில்லை. வருஷா வருஷம் அதற்குக் காசு கட்டிப் பழகியவர். இப்போதும் என்னைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் சிரிக்கிறார், லெப்டொப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மின்ட் சரிவராதவர்களும் உண்டு. போட்டோஷொப்பும் கோரல்டிரோவும் வைத்துப் பிழைக்கும் பையனுக்கு அதைச் சொல்லவே மாட்டேன். அலுவலகத்து எக்செல் பைல்களை மெக்ரோவோடு வீட்டுக்குக் கொண்டு வரும் உத்தியோகத்தருக்கும் அது தலைவலி. உயர்தரத்தில் ஐசிடி எடுக்கும் பிள்ளைகளுக்கோ மறுபேச்சின்றி மின்ட். பைதனும் மைஎஸ்கியூஎல்லும் பிஎச்பியும் அங்கே சொந்த வீட்டில் இருப்பதுபோல ஓடும். பாடத்தில் மனப்பாடம் செய்யும் செயல்முறைகளையும் நினைவக ஒதுக்கீட்டையும் டெர்மினலில் ஒரு கட்டளை அடித்துக் கண்ணால் பார்க்கலாம். மேக் பற்றி யாரும் இங்கே வந்து கேட்பதில்லை. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த ஒன்றிரண்டு இருக்கலாம், அவையும் பழுதானால் கண்டிக்குத்தான் போகும்.

பழுதானால் எங்கே போவது என்பதும் சிஸ்டத்தைத் தெரிவதில் சேர வேண்டிய விஷயம். கேரளத்தில் அரசுப் பாடசாலைகள் லினக்ஸில் நிலைத்ததற்கு அது இலவசம் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. அரசே தன் பதிப்பைத் தயாரித்தது, ஆசிரியர்களைப் பழக்கியது, பாடநூலையும் அதற்கேற்ப எழுதியது. எங்கள் நாட்டிலும் ஹந்தான மலையின் பெயரில் ஹந்தான லினக்ஸ் என்று ஒன்று, ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு, சிங்களமும் தமிழும் சேர்த்து வந்தது. நல்ல முயற்சி. ஆனால் நாவுலயில் அது மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது? என்னை நம்பி மின்டுக்கு மாறியவருக்கு என்னைத் தவிர வேறு ஆளில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே பதிப்பைப் போடுகிறேன், ஆளுக்கொன்றாகப் பரீட்சை பார்ப்பதில்லை.

இத்தனையும் சொன்னாலும், ஊரில் பெரும்பாலானோர் தினமும் பாவிப்பது இவற்றில் எதுவுமே இல்லை. அண்ட்ரொய்ட். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது பிள்ளைகளின் வகுப்பு அப்பாவின் போனுக்குள் வந்தது. தனிப்பட்ட பரீட்சார்த்திகள் பரீட்சைத் திணைக்களத்துக்கு இப்போது இணையவழியே விண்ணப்பிக்கிறார்கள், அதையும் போனிலேயே முடிக்கப் பார்க்கிறார்கள். லினக்ஸ் என்றால் பயப்படும் இவர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் அண்ட்ரொய்டின் கருவும் லினக்ஸ்தான். அதைச் சொன்னால் யாருக்கும் ஆச்சரியமில்லை, எனக்குத்தான் சொல்வதில் ஆசை.

ஆனால் போன் இன்னொரு காரியம் செய்தது. 2017இல் கூகிளின் குரல் தட்டச்சில் சிங்களமும் இலங்கைத் தமிழும் சேர்ந்தன. கீபோர்டைத் தொட்டே இராத மனிதர் இன்று பிரதேச செயலாளருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தைப் போனிடம் சொல்லி, வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறார். அது யூனிகோடில் வருகிறது. நான் அதை வேர்டில் ஒட்டினாலும் சரி, பக்கத்து மேசையில் லிப்ரே ஆபிஸில் ஒட்டினாலும் சரி, எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. விலாசத்தையும் பிழைகளையும் திருத்திக் கொடுத்தால் வேலை முடிந்தது. தரநிர்ணயங்களும் பயிற்சி வகுப்புகளும் செய்யாததை ஒரு மைக் படம் செய்துவிட்டது.

அதைப் பார்த்த பிறகு என் டைப்பிங்கை மாற்றிக்கொண்டேன். புதிதாக அடிக்கும் எதையும் யூனிகோடில், ரெங்கநாதன் விசைப்பலகையில் அடிக்கிறேன். இலங்கையின் தர விசைப்பலகை அது. பாமினியில் பழகிய கைக்கு அந்நியமாகவும் இல்லை, மின்டிலும் கிடைக்கிறது. பழைய தாளோடு வரும் டீச்சருக்கு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, எழுத்துப் பார்த்து, வேர்ட் பைலோடு ஒரு பிடிஎஃப்பும் சேர்த்துக் கொடுக்கிறேன். பிரிண்ட் எடுக்க பிடிஎஃப் போதும், பக்கம் நகராது. இப்படி மாறிய டீச்சர்மாரில் சிலர் இப்போது மின்ட் மேசையிலேயே உட்கார்ந்து தாங்களே திருத்திக்கொள்கிறார்கள். நீங்களும் சிஸ்டம் மாற நினைத்தால் முதலில் உங்கள் பைல்களை இப்படி மாற்றுங்கள். எழுத்துருவுக்குள் பூட்டிக் கிடக்கும் பைலை வைத்துக்கொண்டு எந்த சிஸ்டத்துக்கும் நிம்மதியாகப் போக முடியாது.

கல்யாண அழைப்பிதழ் மட்டும் இன்னும் மூலையிலுள்ள விண்டோஸ் 7இல்தான். மாதிரிகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை மாற்றியடிக்க எனக்கு நேரமில்லை, காத்திருக்க மாப்பிள்ளை வீட்டாருக்குப் பொறுமையும் இல்லை.