பழுது எங்கே?

கீழ்க்காணும் பகுதியை வாசித்துத் தொடர்ந்துவரும் வினாக்களுக்கு விடை காண்க.

அன்று சனிக்கிழமை மாலை. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. என் லாரியை எடுத்துக்கொண்டு வீட்டிற்கு எதிரே உள்ள திடலுக்குச் சென்றேன். லாரி என்றதும் சாலையில் ஓடும் பெரிய வாகனம் என்று எண்ணிவிட வேண்டாம். இது கைக்கருவியால் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறிய லாரி. எட்டு மாதம் பணம் சேமித்து வாங்கியது.

விசையை அழுத்தினேன், லாரி முன்னே பாய்ந்தது. பின்னே செலுத்தினேன், ஒழுங்காக வந்தது. ஆனால், திருப்பியபோதுதான் சிக்கல். கைக்கருவியின் சக்கரத்தை முழுமையாகத் திருப்பினாலும் லாரியின் முன்சக்கரங்கள் அரைகுறையாகவே திரும்பின. இடப்பக்கமும் அப்படித்தான், வலப்பக்கமும் அப்படித்தான். இறுதியில் லாரி கோல் கம்பத்தில் மோதி நின்றது.

வீட்டிற்கு வந்ததும் தங்கையிடம் பாய்ந்தேன்.

“நேற்று நீதானே மழைத் தண்ணீரில் ஓட்டினாய்? செர்வோவிற்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. என் லாரியைக் கெடுத்துவிட்டாய்!”

“இரண்டு நிமிடந்தான் ஓட்டினேன், அண்ணா. கொண்டுவந்து வைக்கும்போதுகூடத் திருப்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் திரும்பியது” என்றாள் அவள்.

நான் நம்பவில்லை. புதிய செர்வோ வாங்க 75 ரிங்கிட் வேண்டும். அதில் பாதியை அவள்தான் தர வேண்டும் என்று கூறிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் அறைக்குள் சென்று தன் உண்டியலை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள்.

அவ்வேளையில் மாமா வந்தார். அவர் கார் பட்டறை வைத்திருப்பவர். உண்டியலையும் லாரியையும் எங்கள் இருவரின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“லாரிக்கு என்ன, தம்பி?”

“செர்வோ கெட்டுவிட்டது, மாமா.”

“அது நீ சொல்லும் தீர்ப்பு. நான் தீர்ப்பைக் கேட்கவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்” என்றார்.

நான் திடலில் நடந்ததைச் சொன்னேன். மாமா ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் ‘வேலை செய்பவை’ என்றும் மறுபக்கம் ‘வேலை செய்யாதவை’ என்றும் எழுதச் சொன்னார். முன்னே செல்வது, பின்னே செல்வது, கைக்கருவிக்கும் லாரிக்கும் இடையிலான தொடர்பு ஆகியவை முதல் பக்கத்தில் இடம்பெற்றன. மறுபக்கத்தில் ஒரே ஒரு வரிதான்: ‘முன்சக்கரங்கள் முழுமையாகத் திரும்பவில்லை’.

“சரி, செர்வோ எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆனால், என்னால் விளக்க முடியவில்லை. அவரே விளக்கினார்.

செர்வோ என்பது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. அதனுள் சிறிய மோட்டார், பற்சக்கரங்கள், மின்சுற்றுப் பலகை ஆகியவை உள்ளன. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ‘கை’ எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் உணரியும் உள்ளே இருக்கிறது. செர்வோவிற்கு மூன்று கம்பிகள் உண்டு. இரண்டு கம்பிகள் மின்னாற்றலைத் தருகின்றன; மூன்றாவது கட்டளையைக் கொண்டுவருகிறது. அந்தக் கட்டளை பொதுவாக ஒரு வினாடிக்கு 50 முறை வரும் மின்துடிப்பு. துடிப்பு 1.5 மில்லிவினாடி நீடித்தால் கை நடுவில் நிற்கும். ஏறக்குறைய 1 மில்லிவினாடியாகக் குறைந்தால் ஒரு பக்கமும், 2 மில்லிவினாடியாகக் கூடினால் மறுபக்கமும் திரும்பும். செர்வோவின் கை ஓர் இணைப்புத் தண்டை இழுக்கும்; தண்டு முன்சக்கரங்களைத் திருப்பும்.

“ஆகவே, கட்டளை, மின்னாற்றல், செர்வோ, தண்டு, சக்கரம் என்று இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரியாமல் ஏன் புதிய செர்வோ வாங்குகிறாய்?” என்றார் மாமா.

முதலில் எளிதான, செலவில்லாத சோதனைகளைச் செய்தோம். கைக்கருவியின் மின்கலன்களை மாற்றினோம், சிக்கல் தீரவில்லை. லாரியின் மின்கலத்தை முழுமையாக மின்னேற்றிப் பார்த்தோம்; அப்போதும் அப்படியே இருந்தது. அதற்குள் நான் பொறுமை இழந்து, கைக்கருவியிலுள்ள எல்லாத் திருகிகளையும் ஒன்றாகத் திருப்பப் போனேன். மாமா என் கையைப் பிடித்தார்.

“ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நான்கை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது.”

அடுத்து, லாரியைத் தூக்கி ஒரு மரக்கட்டையின்மேல் வைத்தோம். நான்கு சக்கரங்களும் எதையும் தொடாமல் அந்தரத்தில் இருந்தன. தவறுதலாக விசை அழுந்தினாலும் லாரி மேசையிலிருந்து பாய்ந்து விழக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இப்போது கைக்கருவியின் சக்கரத்தைத் திருப்பினேன். என்ன வியப்பு! முன்சக்கரங்கள் முழுமையாகத் திரும்பின.

“சரியாகிவிட்டது, மாமா!”

“இல்லை. தூக்கினால் திரும்புகிறது, தரையில் வைத்தால் திரும்பவில்லை. அதை எழுதிக்கொள். நாம் தேடிய முதல் தடயம் இதுதான்.”

தரையில் நிற்கும்போது சக்கரத்திற்கும் தரைக்கும் இடையே உராய்வு உண்டு. அதை வெல்ல அதிக விசை தேவை. ஆகவே, கட்டளை செர்வோவிற்கு ஒழுங்காகச் சென்று சேர்கிறது. ஒன்று, செர்வோ போதுமான விசையைத் தரவில்லை. அல்லது சக்கரம் எங்கேனும் இறுகியிருக்கிறது. அல்லது செர்வோ தரும் விசை வழியிலேயே வீணாகிறது. எத்தனையோ காரணங்களாக இருந்தவை மூன்றாகக் குறைந்துவிட்டன.

மாமா செர்வோவின் கையிலிருந்து தண்டைக் கழற்றினார். முன்சக்கரங்களை விரலால் தள்ளினேன், தடையின்றித் திரும்பின. சக்கரத்தில் இறுக்கம் இல்லை. பிறகு, செர்வோவின் கையை இரு விரல்களால் ஒரு கணம் மட்டும் பிடிக்கச் சொல்லிவிட்டு, கைக்கருவியை மெல்லத் திருப்பினார். என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. பற்சக்கரம் உடைந்திருந்தால் கேட்கும் கரகர ஒலியும் இல்லை. கை நடுங்கவும் இல்லை. செர்வோவை நீண்ட நேரம் பிடித்து நிறுத்தினால் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும் என்பதால் அச்சோதனையை உடனே முடித்துக்கொண்டோம்.

செர்வோ நன்றாகவே இருந்தது. நான் தங்கையைப் பார்க்கவில்லை.

மீதம் இருந்தது ஒரே காரணம். தண்டை மீண்டும் பொருத்தி, லாரியைத் தரையில் வைத்தோம். மூவரும் தரையில் குனிந்து பார்த்தோம். செர்வோவின் கை முழுமையாக நகர்ந்தது, தண்டும் நகர்ந்தது. அதற்கு அடுத்த பகுதியில் ஒரு சுருள்வில் விரிந்து கொடுத்தது. சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

“இதோ, மாமா! இங்கேதான் விலகுகிறது” என்று முதலில் கண்டுபிடித்தவள் தங்கைதான்.

அந்தப் பகுதிக்கு ‘செர்வோ சேவர்’ என்று பெயர். சக்கரம் கல்லில் மோதும்போது அந்த அதிர்ச்சி நேராகச் செர்வோவின் பற்சக்கரங்களைத் தாக்காமல் சுருள்வில் தாங்கிக்கொள்ளும். எங்கள் லாரியில் அந்தச் சுருள்வில்லை அழுத்திப் பிடிக்கும் நட்டு தளர்ந்து, விரலாலேயே சுழலும் நிலையில் இருந்தது. மாமா நட்டைக் கொஞ்சம் இறுக்கினார். தரையில் வைத்துச் சோதித்தார். மீண்டும் கொஞ்சம் இறுக்கினார், மீண்டும் சோதித்தார். சக்கரங்கள் முழுமையாகத் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்.

“இன்னும் இறுக்கலாமே, மாமா?” என்று கேட்டேன்.

“அளவுக்கு மீறி இறுக்கினால் சுருள்வில் அசையாது. பிறகு, அடுத்த மோதலில் செர்வோவின் பல் உடையும். அப்போதுதான் உனக்கு 75 ரிங்கிட் உண்மையிலேயே தேவைப்படும்.”

தண்ணீர் நட்டைக் கழற்றாது. சென்ற வாரம் நான்தான் நண்பர்கள் முன்னிலையில் லாரியை ஐந்து படிகளிலிருந்து குதிக்கவிட்டேன். அது நினைவுக்கு வந்ததும் மாமாவிடம் சொன்னேன்.

“அதனால் தளர்ந்திருக்கலாம். ஆனால், அதையும் நாம் சோதித்துப் பார்க்கவில்லையே. தண்ணீர் செர்வோவைக் கெடுக்கவில்லை என்பது மட்டுமே நமக்கு உறுதியாகத் தெரியும். ஆனாலும், பாப்பா, ஈரத்தில் ஓட்டினால் துடைத்துக் காயவைத்துவிட்டுத்தான் எடுத்துவைக்க வேண்டும்” என்றார்.

“நேற்று எப்படித் திருப்பிப் பார்த்தாய்?” என்று தங்கையிடம் கேட்டேன்.

“கையில் தூக்கி வைத்துக்கொண்டுதான், அண்ணா.”

அவள் பார்த்ததும் உண்மை. நான் பார்த்ததும் உண்மை. அவள் தூக்கிப் பார்த்தாள்; நான் தரையில் பார்த்தேன். முதலிலேயே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை, பழி போட்டேன்.

நோய் எது, அதன் காரணம் எது என்று ஆராய்ந்த பிறகே அதைத் தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்று திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் கூறுகிறார். தேர்வுக்காக அக்குறளைப் பலமுறை எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

“தவறாகப் பேசிவிட்டேன். மன்னித்துவிடு” என்று கூறி உண்டியலைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி வைத்துவிட்டு, மறுகையை நீட்டினாள். கைக்கருவியைக் கொடுத்தேன். லாரி திடலில் பெரிய வட்டமடித்துத் திரும்பி வந்தது.

வினாக்கள்

1. “அது நீ சொல்லும் தீர்ப்பு” என்று மாமா ஏன் கூறினார்?
2. லாரியை மரக்கட்டையின்மேல் வைத்துச் சோதித்ததால் எவ்வுண்மை புலப்பட்டது?
3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதால் விளையும் நன்மை யாது?
4. செர்வோ சேவரின் நட்டு அதிகம் தளர்ந்தாலும் அதிகம் இறுகினாலும் ஏற்படும் விளைவுகளை ஒப்பிட்டு எழுதுக.
5. உமது வீட்டில் பழுதான ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் பழுதைக் கண்டறியும் படிகளை வரிசையாக எழுதுக.