உங்கள் கதைக்கு ஒரு சூரியன்

விண்வெளிக் கதை எழுத ஆசையா? உங்கள் கற்பனைக் கிரகத்தில் வருடத்துக்கு எத்தனை நாள் என்பதை அதன் சூரியன்தான் தீர்மானிக்கும். இதைக் கணக்கிடப் பெரிய புரோகிராம் வேண்டாம். எக்செல் போதும்; இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்க் இருந்தாலும் சரி.

ஏ1 செல்லில் சூரியனின் நிறையைக் கொடுங்கள். நம் சூரியன் 1. அதில் பாதி என்றால் 0.5. பி1 செல்லில் =ஏ1^4 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) இது வெளிச்சம். நிறை பாதியானதும் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிவிட்டது பாருங்கள்! தோராயக் கணக்குதான், கதைக்குப் போதும்.

சி1 செல்லில் =பி1^0.5. நம் பூமியில் அடிக்கும் அதே வெயில் கிடைக்க, கிரகம் இருக்க வேண்டிய தூரம் இது. பூமிக்கு 1. டி1 செல்லில் =365.25*(சி1^3/ஏ1)^0.5. கெப்ளர் 1619ல் வெளியிட்ட விதிதான். நிறையைச் சேர்த்தவர் நியூட்டன். விடை சுமார் 65 நாள். அங்கே ஒரு வருடமே அவ்வளவுதான்!

நான் களக்காட்டுக்காரன், எனக்கு உடனே வயல்தான் ஞாபகம் வந்தது. கார் பருவத்து அம்பை 16 நெல்லுக்கே சுமார் 110 நாள் வேண்டும். அந்தக் கிரகத்தில் விதைத்ததை அறுப்பதற்குள் ஒரு பொங்கலாவது வந்து போய்விடும். கார், பிசானம் என்று வருடத்துக்கு இரண்டு போகம் எழுதினால் கதை உதைக்கும். ஏ1ல் 0.7 கொடுங்கள்: 150 நாள். ஒரு போகம் தாராளமாக விளையும்.

ஃபார்முலா சரியா என்று சோதிக்க ஏ1ல் 1, பிறகு சி1ல் 1.524 அடியுங்கள். செவ்வாயின் வருடமான 687 நாள் வரும். சி1ல் இருந்த ஃபார்முலா அழிந்திருக்கும். கன்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் திரும்ப வந்துவிடும்.