நமக்கும் ஓர் ஊர் உண்டு: கேமரன் மலையின் நிலமும் வரலாறும்



சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை 'என் ஊர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். பலர் பயிற்சி நூலில் உள்ள மாதிரிக் கட்டுரையைச் சற்றே மாற்றி எழுதியிருந்தனர். அதில் வயல் இருந்தது; தென்னந்தோப்பு இருந்தது; கடற்காற்றும் வீசியது. நம் மலையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒரு மாணவி மட்டும் இரண்டே வரிகள் எழுதியிருந்தாள்: "எங்களுக்கு ஊர் இல்லை. நாங்கள் தோட்டத்தில் இருக்கிறோம்."

அந்த ஏட்டில் நான் மதிப்பெண் இடவில்லை. குறை அவளுடையதன்று என்பது எனக்குத் தெரிந்தது. நம் பாட்டன்மாரை ஊர் எது என்று கேட்டால் சேலம், திருச்சி, தஞ்சை என்று விடை வந்தது. நம் தந்தையர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கோ சொல்வதற்கு ஒன்றும் இல்லாமற் போயிற்று. இக்குறையைத் தீர்ப்பது ஆசிரியரின் கடமையாகும்.

ஊர் என்பது யாது? நிலம், நீர், அங்கு வாழும் மக்கள், அவர்கள் கடந்து வந்த காலம் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஊர். இந்நான்கும் நமக்கு உண்டா என்பதை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

அமைவிடம்

தீபகற்ப மலேசியாவின் நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து தெற்காக முதுகெலும்புபோல் ஓடுவது தீத்திவாங்சா மலைத்தொடர். அதன்மேல், பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருப்பது கேமரன் மலை மாவட்டம். மேற்கே பேராக்கும் வடக்கே கிளந்தானும் அதன் எல்லைகளாம். பரப்பளவு ஏறத்தாழ 712 சதுர கிலோமீட்டர். ரிங்லெட், தானா ராத்தா, உலு தெலோம் என்னும் மூன்று முக்கிம்களாக இது பிரிக்கப்பட்டுள்ளது.

நம் மாவட்டம் பகாங்கில் இருந்தாலும் நெடுங்காலம் நமக்கு வாயில் பேராக்தான். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை ஒன்றே வழியாக இருந்தது. பகாங்கின் தலைநகருக்குச் செல்ல விரும்பியவர்கூட முதலில் பேராக்கில் இறங்கித்தான் செல்ல வேண்டியிருந்தது. பிற்காலத்தில் சிம்பாங் பூலாய் வழியாக ஒரு சாலையும், ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயானுக்கு மற்றொரு சாலையும் அமைந்தன.

மலையும் குளிரும்

நாம் நிற்கும் மலை பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. நிலத்தின் அடியில் உருகிக் கிடந்த பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கருங்கல்லாக இறுகியது. மழையும் வெயிலும் அதன் மேற்புறத்தைச் சிதைத்து மண்ணாக்கின. அம்மண்ணிலேதான் நம் தேயிலை வேரூன்றி நிற்கிறது.

ரிங்லெட் 1,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும், தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலும் உள்ளன. பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டரைக் கடந்து நிற்கிறது. 100 மீட்டர் ஏறும்போது வெப்பம் சற்றேறக்குறைய 0.6 பாகை குறையும் என்பது நிலநூல் விதி. தாப்பாவில் 32 பாகை செல்சியஸ் இருக்கும்போது தானா ராத்தாவில் எவ்வளவு இருக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 23 பாகை என்று விடை வரும். உங்கள் தாயார் கம்பளிச் சட்டை அணிந்துகொண்டு வேலைக்குச் செல்வதன் காரணம் இக்கணக்கில் இருக்கிறது.

நீர் போகும் வழி

பெர்த்தாம், தெலோம், லெமோய் ஆகியவை நம் மாவட்டத்தின் ஆறுகள். இயற்கை வகுத்த வழியில் இம்மலை நீர் கிழக்கே இறங்கி ஜெலாய் ஆற்றைச் சேரும். ஜெலாயும் தெம்பெலிங்கும் கூடிப் பகாங் ஆறாகும். தீபகற்பத்தின் மிக நீளமான அவ்வாறு பெக்கானுக்கு அருகே தென்சீனக் கடலில் கலக்கும்.

ஆனால் மனிதர் இவ்வழியை மாற்றினர். 1960-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபுபக்கார் அணை எழுந்தது. அதனால் உண்டானதே நாம் தோட்டத்து லாரியில் போகும்போது காணும் ரிங்லெட் நீர்த்தேக்கம். தெலோம் ஆற்று நீரும் மலையைக் குடைந்த சுரங்க வழியாக இங்கே கொண்டுவரப்படுகிறது. இங்கிருந்து மற்றொரு சுரங்கம் நீரை மேற்கே கொண்டுசெல்கிறது. ஜோர், வோ ஆகிய மின்னிலையங்களின் உருளைகளைச் சுழற்றிவிட்டு, அந்நீர் பேராக்கின் பாத்தாங் பாடாங் ஆற்றில் சேர்கிறது. ஆகவே, தென்சீனக் கடலுக்குப் போகவேண்டிய மழைத்துளிகளிற் பல இன்று மலாக்கா நீரிணைக்குப் போகின்றன!

இங்கே ஒரு பாடம் உண்டு. மலைச்சரிவில் மரங்களை வெட்டி மண்ணைத் திறந்து போட்டால், மழை அம்மண்ணை அரித்து நீர்த்தேக்கத்திற் கொட்டும். மண் நிரம்ப நிரம்ப நீர் நிற்பதற்கு இடம் குறையும். 2013 அக்டோபர் மாதத்து இரவு ஒன்றில் கனத்த மழை பெய்தபோது அணையிலிருந்து நீரைத் திறந்துவிட நேர்ந்தது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் இருந்த வீடுகளைச் சேற்று வெள்ளம் அடித்துச் சென்றது, உயிர்களும் மாண்டன. அடுத்த ஆண்டு நவம்பரில் ரிங்லெட் பகுதியில் மீண்டும் சேற்று வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. மேலே வெட்டுபவர் ஒருவர். கீழே துன்புறுபவர் வேறொருவர். இதனை மறவாதீர்கள்.

பெயர் வந்த வரலாறு

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் பிரித்தானிய நில அளவையாளர், பேராக், பகாங் எல்லைப் பகுதியை அளந்து படம் வரைய வந்தார். மலைகளுக்கிடையே விரிந்த சமவெளி ஒன்றைக் கண்டதாக அவர் எழுதினார். ஆனால் அவ்விடத்தைப் படத்திற் சரியாகக் குறிக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அதனால் அச்சமவெளி எங்கே என்பது நெடுநாள் தெளிவின்றிக் கிடந்தது.

அவர் வருமுன் இது ஆளில்லாக் காடாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சேமாய் என்னும் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்து வந்தனர், இன்றும் வாழ்கின்றனர். மூங்கிற் குழாயில் மூச்சை ஊதி அம்பெய்து வேட்டையாடுவதில் அவர்கள் வல்லவர்கள். காட்டில் எந்த இலை மருந்து, எந்தக் கிழங்கு உணவு என்பதையும் அறிந்தவர்கள். கேமரனோடு குலோப் ரியாவ் என்னும் மலாய் வழிகாட்டியும் நடந்தார். வழி நடந்தவர் பலர். மலைக்குப் பெயரானவர் ஒருவர். வரலாறு படிக்கும்போது, பெயர் எழுதப்படாதவர்களையும் தேட வேண்டும்.

சாலையும் தேயிலையும்

1925-ஆம் ஆண்டில், ஐக்கிய மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளராக இருந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்வையிட்டார். உடல்நலம் தேடி வருவோர்க்கும் பயிர்த்தொழிலுக்கும் ஏற்ற இடம் இது என்று கருதினார். தானா ராத்தாவில் வேளாண்மை ஆய்வு நிலையம் தோன்றியது. மலாய் மொழியில் தானா ராத்தா என்றால் 'சமநிலம்' என்பது பொருள்.

பின்னர்த் தாப்பாவிலிருந்து சாலை வெட்டும் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு, எங்கும் செங்குத்தான சரிவு, ஓயாத மழை. தொழிலாளர் பலரை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. 1931-ஆம் ஆண்டளவில் சாலை முடிவுற்றது. நம் முன்னோர் அதனைச் 'சடக்கு' என்றே அழைத்தனர். அதன் ஒவ்வொரு வளைவிலும் மனித உழைப்பு இருக்கிறது.

சாலை முடியுமுன்பே, 1929-ஆம் ஆண்டில், ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் தோன்றியது. சுங்கை பாலாஸ், பேர்லி, புளூ வேலி ஆகியனவும் நம் மலையின் புகழ்பெற்ற தேயிலைத் தோட்டங்களாம்.

தேயிலைச் செடியைத் தன் விருப்பப்படி வளரவிட்டால் மரமாகிவிடும். அதைக் கவ்வாத்துச் செய்து இடுப்பளவில் நிறுத்துகிறோம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்ததே நல்ல கொழுந்து. ஆலையில் அது வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, காற்றிற் கறுக்கவிடப்பட்டு, உலர்த்தப்பட்டு, பின் தரம் பிரிக்கப்படும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கோப்பைத் தேநீர் பருகும்போது இக்கணக்கையும் நினைத்துக்கொள்க.

நம் மக்கள்

இக்கொழுந்தைக் கொய்ய வந்தவர்களே நம் முன்னோர். கங்காணிமார் அழைத்து வர, கப்பலேறி வந்து, சமவெளித் தோட்டங்களிற் சில காலம் உழைத்துப் பின் மலையேறியவர் பலர். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. அதன்பின், வந்தவர்க்குப் பெரும்பாலும் இதுவே நிலையான இடமாயிற்று.

விடியுமுன் பெரட்டுக்கு நிற்றல், இடுப்பிற் படங்கு கட்டிக்கொண்டு பனியில் நனைந்த செடிகளுக்கிடையே நடத்தல், முதுகிற் கூடையுடன் சரிவில் ஏறுதல், பாலகரை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்லுதல் ஆகிய இவையே அவர்தம் நாள்கள். ஆயினும் அவர்கள் கோயில் கட்டினார்கள், திருவிழா எடுத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நம்முடையது போன்ற பள்ளிகள் பல தோன்றக் காரணம் அச்சட்டமே.

துன்பக் காலங்கள் மூன்று வந்தன. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். முள்வேலி, ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு என்று மக்கள் அல்லலுற்றனர். மூன்றாவதாக, 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்க் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. நாட்டிலுள்ள தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் அக்காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பின. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இரண்டு நாட்டாராயினர்.

வீட்டுக்குப் பெயர்

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே பிரனீசு மலையடிவாரத்தில் பாஸ்க் என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் சிற்றூர்களில் ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. வீட்டின் பெயரே பல குடும்பங்களுக்குக் குடிப்பெயராகவும் ஆயிற்று. அங்குள்ள பலருடைய பெயரைக் கேட்டாலே அவர் முன்னோர் வாழ்ந்த இடம் விளங்கும்.

நம் லயத்து வீடுகளுக்கோ எண் மட்டுமே. என் தந்தையார் ஒரு தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். ஓய்வு பெற்ற மாதத்திலேயே வீட்டின் திறவுகோலை அலுவலகத்திற் கொடுத்துவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர் வைத்த கொய்யா மரம் அங்கேயே நின்றது. இறுதி நாள்களில் பலருடைய பெயரை அவர் மறந்துவிட்டார். 'மூன்றாம் லயம், ஏழாம் எண்' என்பதை மட்டும் மறக்கவில்லை. பெயரில்லாவிட்டாலும் அதுவே அவருக்கு ஊராக இருந்தது.

இன்றைய நிலை

இன்று நம் இளைஞர் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். அது தவறன்று, கல்வி பெற்றவர் முன்னேறிச் செல்வதே முறை. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் இப்போது கொழுந்து கொய்கின்றனர். கைவிரல் செய்த வேலையைக் கத்தரியும் பொறியும் செய்கின்றன. நம் வகுப்பறைகளில் நாற்காலிகள் ஆண்டுதோறும் குறைகின்றன. பழையன அறிந்த முதியோரும் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவர்களோடு வரலாறும் போய்விடக் கூடாது என்பதே என் கவலை.

முடிவுரை

நிலம் கண்டோம், நீர் கண்டோம், மக்களையும் அவர் கடந்த காலத்தையும் கண்டோம். நான்கும் நமக்கு உண்டு. நிலப்பத்திரம் நம் பெயரில் இல்லாமல் இருக்கலாம். நூறாண்டு அளவும் உழைத்து, பிறந்து, மாண்டு, மண்ணோடு கலந்த இடம் ஊர் அன்று என்று யார் சொல்ல முடியும்?

அந்த மாணவியிடம் இவற்றையெல்லாம் சொல்லி, மீண்டும் எழுதச் சொன்னேன். இம்முறை அவள் தன் பாட்டியைக் கேட்டு நான்கு பக்கம் எழுதி வந்தாள். பாட்டி ரிங்லெட்டிலிருந்து மழையில் நடந்தே தோட்டத்திற்கு மணப்பெண்ணாக வந்த செய்தியும் அதில் இருந்தது. முதல் வரி, 'என் ஊர் கேமரன் மலையில் இருக்கிறது' என்பதாகும். இப்போது மதிப்பெண் இட்டேன்.

செய்து பாருங்கள்

1. உங்கள் லயத்திலிருந்து பள்ளி வரையுள்ள வழியைப் படமாக வரைக. ஓடை, கோயில், ஆலை, பெரிய மரம் ஆகியவற்றைக் குறிக்கவும்.
2. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம், "நீங்கள் இம்மலைக்கு எந்த ஆண்டில், எவ்வழியாக வந்தீர்கள்? யாரோடு வந்தீர்கள்?" என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுக.
3. பெர்த்தாம் ஆற்றின் பழைய வழியையும் புதிய வழியையும் நிலப்படத்தில் இரு நிறங்களால் காட்டுக.
4. உங்கள் வீட்டுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் சூட்டி, அதன் காரணத்தை மூன்று வரிகளில் விளக்குக.