பெரட்டுக் களத்தில் கூப்பிடப்படாத பேர்கள்

நம் லயங்களில் இருந்தும் செக்ரோலில் பேர் இல்லாதவர்களைப் பற்றி இம்முறை படிப்போம். கால் வராத பையன், காது கேளாத பொண்ணு, கவ்வாத்துக் கத்தி பட்டு விரல் போன மனுசன் என்று எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். "அவனால என்னத்தச் செய்ய ஏலும்?" என்று துரை சொல்வதற்கு முன்னே நாமே சொல்லிவிடுகிறோம்.

1. தடை எங்கே இருக்கிறது?

தோட்டத்தில் ஆளை அளப்பது கொழுந்து நிறைதான். குறித்த கிலோ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். சரிவான மலையில் ஏற முடியாதவருக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

ஆனால் எல்லா வேலையும் மலையிலா நடக்கிறது? தவரணையில் பைக்கு மண் நிரப்புவதும், ஓர் இலையோடு கணு விட்டுத் துண்டு வெட்டுவதும் உட்கார்ந்து செய்கிற வேலை. காது கேளாதவர் கொழுந்து எடுக்கத் தடை ஏது? கங்காணி கையால் காட்டினால் போதும். நடக்க முடியாதவர் மடுவத்தில் உட்கார்ந்து நிறை எழுதலாம், எழுத்துத் தெரிந்திருந்தால்.

அங்கேதான் அடுத்த தடை. பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம். தூக்கிக்கொண்டு போக ஆளில்லை என்று பிள்ளையை நிறுத்திவிடுகிறோம். "இவன் எங்க போகப் போறான்" என்று பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எடுக்காமல் விடுகிறோம். பிறகு வேலை வந்தாலும் பதிவு செய்யக் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

2. சட்டம் என்ன சொல்கிறது?

அரச சேவையிலும் அரச கூட்டுத்தாபனங்களிலும் வரும் வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகுதியுள்ள வலது குறைந்தோருக்குக் கொடுக்க வேண்டும் என்று 1988இல் சுற்றறிக்கை வந்தது. இது கம்பனித் தோட்டங்களைக் கட்டுப்படுத்தாது. படித்த பிள்ளைகள் அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இன்னும் விரிவானது. எந்த வேலைக்கும் ஆள் எடுக்கையில், எந்தப் பாடசாலையில் சேர்க்கையிலும், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது. செய்தால் மேல் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

வேலை செய்கையில் காயப்பட்டு ஊனமானவருக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அதனால் சின்னக் காயம் என்றாலும் அன்றைக்கே சொல்லிப் பதிவு செய்யுங்கள். முழுமையாக, நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவர் வயது வருமுன்னே ஊழியர் சேமலாப நிதியைப் பெறவும் வழியுண்டு.

3. நாம் செய்யக்கூடியவை

அ. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இரண்டையும் முதலில் எடுங்கள்.

ஆ. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். உதவிப்பணம், ஊன்றுகோல், சக்கர நாற்காலி, தொழிற்பயிற்சி எல்லாவற்றுக்கும் வாசல் அதுதான். சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை போன்ற இடங்களில் வலது குறைந்தோருக்கென்றே பயிற்சி நிலையங்கள் நடத்துகிறது.

இ. தலைவர்மாரே, துரையிடம் "ஏதாச்சும் குடுங்கய்யா" என்று கெஞ்ச வேண்டாம். "தவரணையில் பை நிரப்ப இவரால் ஏலும், ஒரு கிழமை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று வேலையின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். கிடைத்தால் செக்ரோலில் பேர் விழ வேண்டும், சேமலாப நிதியும் கட்ட வேண்டும். இரக்கப்பட்டுக் கொடுக்கிற கைக்காசு நாளைக்கு நின்றுபோகும். பேர் விழுந்தால் அது உரிமை.

குழுவாகப் பேசுவதற்கு

- நம் தோட்டத்தில் உட்கார்ந்தோ நின்றோ செய்யக்கூடிய வேலைகள் எவை? பட்டியல் எழுதுங்கள்.
- நம் லயத்தில் வேலை இல்லாமல் இருக்கும் வலது குறைந்தோர் யார்? அவர்களிடம், "உனக்கு எந்த வேலை விருப்பம்?" என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்து வாருங்கள். பதிலை அவர்கள் வாயாலேயே கேட்போம்.